தண்ணீர் குடித்தும் தீராத வறட்சி

பொட்டுக்கடலையை வாயில் போட்டால் மாவாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு மடக்குத் தண்ணீர் இல்லாமல் இறங்குவதில்லை. வெங்காயம் நறுக்கினால் கண் எரிகிறது, கண்ணீர் வருவதில்லை. "வெயில் காலம், வயசாகுது, தண்ணி நிறைய குடிங்க" என்பார்கள் வீட்டில். சில மருத்துவர்களும் அதையே சொல்லிவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நாள் தவறாமல் இப்படி இருந்தால், அந்தப் பதிலோடு திரும்பி வராதீர்கள். ஷோகிரன் நோயா என்று கேளுங்கள்.

ஸ்வீடன் கண் மருத்துவர் ஹென்ரிக் ஷோகிரன் 1933-இல் தம் ஆய்வேட்டில் இந்த வறட்சி கண்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் பலருக்கு மூட்டுவலியும் இருந்தது. இந்த நோயில், கிருமியை விரட்ட வேண்டிய நம் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குகிறது. நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டித் தெரியவருவதால், அவர்கள் சொல்வது எளிதில் தட்டிக்கழிக்கப்படுகிறது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

சோதனை கடினமில்லை. கீழிமைக்குள் ஒரு காகிதப் பட்டையின் நுனியைச் செருகி ஐந்து நிமிடம் விடுவார்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையவில்லை என்றால் கண்ணீர் குறைவு. ரத்தத்தில் 'ரோ' என்னும் எதிர்ப்பொருளைத் தேடுவார்கள். அது இல்லாவிட்டாலும் நோய் இருக்கலாம். அப்போது கீழுதட்டின் உட்புறத்துச் சிறு சுரப்பிகளை எடுத்துப் பார்ப்பார்கள். இதற்குரியவர் ருமட்டாலஜி (மூட்டு, வாத நோய்) மருத்துவர்.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை, கட்டுக்குள் வைக்கலாம். அடிக்கடி கண்ணில் சொட்டு மருந்து விடுபவர்கள் பதப்படுத்தும் பொருள் கலக்காததைக் கேட்டு வாங்குங்கள். மின்விசிறிக் காற்று முகத்தில் நேராக அடிக்க வேண்டாம். உமிழ்நீர் இல்லாத வாயில் பல் ஈறோரத்தில் சொத்தையாகும். ஃபுளோரைடு பற்பசையும் பல் மருத்துவரும் கட்டாயம். வாயை நனைக்க இனிப்பு மிட்டாய் சப்பாதீர்கள். சளி, அலர்ஜி மாத்திரைகள் சில வறட்சியைக் கூட்டும். எதை விழுங்குகிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

காதுக்குக் கீழே வீக்கம் வடியாமல் நின்றால், காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால், தாமதிக்காதீர்கள். சிலருக்கு இந்த நோய் நிணநீர்ப் புற்றுநோயாக மாறுகிறது. 'ரோ' உள்ள பெண் கருவுற்றால் முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிட வேண்டும். நூற்றில் ஓரிரு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு தடைபடலாம் என்பதால், நான்காம் மாதத்திலிருந்தே சிசுவின் இதயத்தை ஸ்கேனில் கவனிப்பார்கள்.

பார்த்த மருத்துவர்களின் சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும். எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். கண் மருத்துவரின் சீட்டும் பல் மருத்துவரின் சீட்டும் மூட்டுவலிக்குக் காட்டிய சீட்டும் ஒரே ஃபைலில் சேரும்போதுதான் பலருக்கு நோயின் பெயரே தெரியவருகிறது.