சம்பளப் பட்டியலிலிருந்து வாக்குச்சீட்டு வரை

2014 ஜனவரி 10 அன்று மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் அதிபர் மிஷேல் ஜொத்தோதியா பதவி விலகினார். விலகியது தன் நாட்டில் அல்ல, அண்டை நாடான சாடின் தலைநகர் என்ஜமேனாவில். பத்து மாதங்களுக்கு முன்பு, 2013 மார்ச் 24 அன்று, வடகிழக்கிலிருந்து வந்த செலேக்கா என்ற கிளர்ச்சிக் கூட்டணி தலைநகர் பாங்குயியைப் பிடித்து அவரை அரியணையில் ஏற்றியிருந்தது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக இருந்த அந்தப் படை ஊர் ஊராகக் கொள்ளையடித்தது. அதற்கு எதிராக ஆன்டி-பலாக்கா என்ற ஆயுதக் கும்பல்கள் கிளம்பி, கண்ணில் பட்ட முஸ்லிம்களையெல்லாம் பழிவாங்கத் தொடங்கின. டிசம்பர் 5 அன்று பாங்குயி தாக்கப்பட்டபோது சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். விமான நிலைய ஓடுபாதையை ஒட்டி ஒரு லட்சம் பேர் வரை தார்ப்பாய்களின் கீழ் குடியேறினார்கள்.

இப்படிப்பட்ட நாட்டை ஓர் இடைக்கால அதிபர் எங்கிருந்து கட்டத் தொடங்குவது? 2014 ஜனவரி 20 அன்று அந்தப் பொறுப்பு கேத்தரின் சம்பா-பன்சாவிடம் வந்தது. வழக்கறிஞர், 2003-இல் நடந்த தேசிய உரையாடலை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், அப்போது பாங்குயியின் மேயர். இடைக்கால மன்றம் இரண்டாம் சுற்றில் 75-க்கு 53 என்ற வாக்கில் அவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த நாட்டின் முதல் பெண் அரச தலைவர் அவர்தான். அவர் கையில் இருந்த கருவிகள் மூன்று: பிறர் அனுப்பிய படை, பிறர் தந்த பணம், பிறர் வகுத்த காலக்கெடு. மூன்றும் இரவல். இரவல் கருவிகளோடு வேலை செய்பவருக்கு எதை முதலில் செய்கிறோம் என்பதே எல்லாம் என்று நான் நினைக்கிறேன். ஆகவே அவர் செய்தவற்றை வரிசையாகவே சொல்கிறேன்.

முதல் வேலை, ஆட்சிக்கு ஒரு வரம்பு கட்டுவது. அது ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. இடைக்காலத் தலைவர் அடுத்த தேர்தலில் போட்டியிட முடியாது என்று இடைக்காலச் சாசனம் சொன்னது. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் அடுத்து வந்த எந்தப் படியும் நின்றிருக்காது. நடுவராக உட்கார வேண்டியவர் தானும் களத்தில் இருந்தால் ஆயுதம் வைத்திருப்பவன் எதற்காக அவரோடு பேச வேண்டும்?

இரண்டாவது, உயிர்களைக் காப்பது. சொந்தப் படை சிதறிப்போயிருந்தது. இருந்த சிலரும் ஏதாவது ஒரு கும்பலோடு சேர்ந்திருந்தார்கள். ஆப்பிரிக்க ஒன்றியத்தின் படையில் சுமார் 6,000 பேர். 'சங்காரிஸ்' என்ற பெயரில் வந்த பிரெஞ்சுப் படையில் முதலில் 1,600, பிறகு 2,000 பேர். 2014 செப்டம்பர் 15 அன்று ஐ.நா. அமைதிப்படை பொறுப்பேற்றது, 10,000 வீரர்களும் 1,800 காவலர்களும் வரை அதற்கு அனுமதி இருந்தது.

இங்கே வரிசை தவறியதன் விலையைச் சொல்லியாக வேண்டும். 2013 டிசம்பரில் வெளிநாட்டுப் படைகள் முதலில் செலேக்காவின் ஆயுதங்களைத்தான் களைந்தன. செலேக்கா பின்வாங்கியதும் முஸ்லிம் குடியிருப்புகள் காவலின்றி நின்றன, ஆன்டி-பலாக்கா உள்ளே புகுந்தது. பாங்குயியில் ஒரு லட்சத்துக்கு மேல் இருந்த முஸ்லிம்களில் பெரும்பாலோர் சில வாரங்களில் லாரிகளில் ஏறி சாடுக்கும் கேமரூனுக்கும் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் 'பிகே-5' என்ற வணிகப் பகுதிக்குள் முடங்கினார்கள். ஒரு தரப்பின் துப்பாக்கியைப் பிடுங்கும் நாளன்றே மறு தரப்பின் வழியையும் அடைக்க வேண்டும். அதற்கு ஆள் போதாதென்றால், ஆள் சேரும்வரை குடியிருப்புகளைச் சுற்றிக் காவல் நிற்பதே சரியான முதல் வேலை.

தலைநகருக்குத் தென்மேற்கே உள்ள எம்பாய்க்கி ஊரில் நடந்தது இதைவிட வலிப்பது. 2014 பிப்ரவரியில் சம்பா-பன்சா பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சரோடு அங்கே போனார். ஆன்டி-பலாக்காவோடு போர் தொடுப்பேன் என்று அறிவித்தார். ஊரை விட்டுப் போக மறுத்த கடைசி முஸ்லிம்களில் ஒருவர், உள்ளாட்சிப் பொறுப்பில் இருந்தவர், சேர்ந்து வாழ்வதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்பட்டார். அந்த மாதம் முடிவதற்குள் அவர் கொல்லப்பட்டார். அதிபர் ஓர் ஊருக்குப் போவதற்கு முன்பே காவல்படை அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதிபர் திரும்பிய பிறகும் அது அங்கேயே இருக்க வேண்டும்.

காக்க வந்தவர்களே குற்றம் சாட்டப்பட்டதும் இந்தக் கதையில் உண்டு. அமைதிப்படை வீரர்கள் சிறுவர் சிறுமியரைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாக எழுந்த புகார்களைத் தொடர்ந்து, ஐ.நா. படையணியின் தலைவர் 2015 ஆகஸ்டில் பதவி விலக வைக்கப்பட்டார். இரவல் படையை அழைக்கும் இடைக்கால அரசு அதன்மீது விசாரணை நடத்தும் உரிமையையும் கேட்டுப் பெற வேண்டும். பாங்குயிக்கு அந்த உரிமை இல்லை.

மூன்றாவது வேலை சம்பளம். வெளியே அதிகம் பேசப்படாத படி இது. எனக்கோ இதுவே அரசு திரும்பி வந்ததன் முதல் அடையாளமாகப் படுகிறது. ஆசிரியர், செவிலியர், சிறைக் காவலர், வரி அலுவலர் யாருக்கும் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. அலுவலகங்களில் நாற்காலியும் கதவும்கூடக் கொள்ளை போயிருந்தன. பதிவேடுகள் எரிந்திருந்தன. மாவட்ட நீதிமன்றங்கள் மூடிக் கிடந்தன. உலக வங்கியும் மற்றக் கொடையாளர்களும் தந்த பணத்தைக் கொண்டு சம்பளம் மறுபடி தொடங்கியது. பணம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. யார் உண்மையில் வேலையில் இருக்கிறார், யார் இறந்துவிட்டார், யார் பெயரில் வேறொருவர் வாங்குகிறார் என்று பட்டியலைச் சரிபார்க்க வேண்டும். தலைநகருக்கு வெளியே வங்கிக் கிளைகள் அரிது என்பதால், சம்பளத்துக்காகப் பாங்குயிக்கு வந்த ஊழியர் பலர் அங்கேயே தங்கிவிட்டார்கள். தூரத்து மாவட்டப் பள்ளிக்கூடங்களில் பெற்றோரே ஆளை அமர்த்திப் பாடம் நடத்தினார்கள். ஆசிரியர் வேலை செய்யும் ஊருக்கே பணம் போய்ச் சேரும்வரை ஆசிரியரும் அந்த ஊருக்குப் போகமாட்டார்.

கருவூலத்துக்குச் சொந்த வருமானம் வர ஒரே பெரிய வழி கேமரூனின் துவாலா துறைமுகத்திலிருந்து வரும் சாலை. கடலில்லாத நாட்டுக்கு அரிசியும் எரிபொருளும் மருந்தும் அதன் வழியாகத்தான் வரவேண்டும், சுங்கவரியும் அங்கேதான் பிறக்கிறது. அமைதிப்படையின் காவலோடு லாரிகள் அணிவகுத்து வரத் தொடங்கிய பிறகே அரசுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

பணம் வந்த இடத்தில் கறையும் வந்தது. அங்கோலா தந்த ஒரு கோடி டாலரில் ஒரு பகுதி கருவூலத்துக்குப் போகவில்லை என்ற புகார் 2014-இல் வெடித்து, அதிபரின் பெயரையே கெடுத்தது. இடைக்கால அரசிடம் இருக்கும் ஒரே மூலதனம் நம்பிக்கை. கொடைப் பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்று வாரந்தோறும் வெளியிட்டிருந்தால் இந்த இழப்பைத் தவிர்த்திருக்கலாம்.

நான்காவது, ராணுவம். இதில்தான் அவசரம் காட்டப்பட்டது என்பது என் கருத்து. 2014 பிப்ரவரி 5 அன்று சிதறிய வீரர்களைத் திரும்ப அழைத்து பாங்குயியில் ஒரு விழா நடந்தது. ஆயிரக்கணக்கில் சீருடையோடு வந்து நின்றார்கள். அவர்களைக் கண்டு பெருமைப்படுவதாக அதிபர் பேசிவிட்டுக் கிளம்பினார். சில நிமிடங்களில், கூட்டத்தில் இருந்த ஒருவரைச் செலேக்கா ஆள் என்று யாரோ சுட்டிக்காட்ட, சீருடை அணிந்த வீரர்களே அவரைக் கத்தியால் குத்தி, கல்லால் அடித்துக் கொன்றார்கள். உடலைத் தெருவில் இழுத்துப் போனார்கள். பத்திரிகையாளர்களின் கண்ணெதிரே நடந்தது இது.

இந்த ராணுவத்துக்கு ஒரு பழைய நோய் இருந்தது. 1981 முதல் 1993 வரை ஆண்ட கொலிங்பா தன் யாக்கோமா இனத்தாரைப் படையில் நிரப்பினார். அடுத்து வந்த பத்தாசே அவர்களை நம்பாமல் தனிக் காவற்படை வளர்த்தார். 1996-97-இல் கலகங்கள் வெடித்தன. 2003-இல் ஆட்சியைப் பிடித்த பொசிசே தன் க்பாயா இனத்தாரை உயர்த்தினார். ஆக, சீருடையைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் ஆளுக்கு ஆள் விசாரிக்க வேண்டியிருந்தது: போரின்போது எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய், உன்மீது புகார் உண்டா? அதற்குப் பிறகு எல்லா வட்டாரத்திலிருந்தும் புதிதாக ஆளெடுப்பு. ஐ.நா. 2013 டிசம்பரிலேயே ஆயுதத் தடை போட்டிருந்தது. அரசுக்கு எதிரான அந்தத் தடை முழுதாக நீங்க 2024 ஜூலை ஆனது. சம்பா-பன்சா இந்தத் தடையைக் கசப்போடு எதிர்த்தார். அவர் கோபம் புரிகிறது, கும்பல்களிடம் இருந்த ஆயுதம் அரசிடம் இல்லை. ஆனால் பிப்ரவரி 5 அன்று நடந்ததைப் பார்த்தவர்கள் அந்த வீரர்களுக்குப் புதிய துப்பாக்கி கொடுக்கத் தயங்கியதும் புரிகிறது.

ஐந்தாவது, பேச்சு. 2014 ஜூலையில் அண்டை நாட்டுத் தலைநகரான பிராசவில்லில் ஒரு போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. தலைவர்களுக்குள் மட்டும் நடந்ததால் அது நிற்கவில்லை. அடுத்த முறை வேலை கீழிருந்து தொடங்கியது. 2015 தொடக்கத்தில் மாவட்டம் மாவட்டமாக மக்களைக் கூட்டிக் கேட்டார்கள். அதன் பிறகே மே 4 முதல் 11 வரை பாங்குயி மாமன்றம் கூடியது. 600-க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், தலைமை செனகலின் அப்துலாய் பாத்திலி. ஆயுதக் குழுக்கள் ஆயுதம் களையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. குழந்தைப் போராளிகளை விடுவிக்கவும் சம்மதித்தன. அதே மாதம் 300-க்கும் மேற்பட்ட சிறுவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். இடைக்கால ஆட்சி நடந்த இரண்டு ஆண்டுச் சொச்சத்தில் என் மனதுக்கு நிறைவு தரும் செய்தி அதுதான்.

மாமன்றத்துக்கு மண் பதப்படுத்தியவர்களில் மூன்று மதத்தலைவர்கள் முக்கியம்: பேராயர் ந்ஸபலைங்கா, இமாம் ஒமர் கொபின் லயாமா, போதகர் குவெரெகொயாமே. இமாமின் உயிருக்கு ஆபத்து வந்தபோது பேராயர் தன் வீட்டிலேயே அவரை மாதக்கணக்கில் தங்க வைத்திருந்தார். கட்சிகள் பேசத் தயங்கிய ஊர்களுக்கு இவர்கள் சேர்ந்தே போனார்கள்.

ஆறாவது, நீதி. மாமன்றம் பொது மன்னிப்பை மறுத்தது. இந்த நாட்டில் ஒவ்வொரு கலகத்துக்குப் பின்னும் மன்னிப்பும் பதவியும் கொடுத்துப் பழகியிருந்ததால், துப்பாக்கி எடுப்பது முன்னேறும் வழியாகவே ஆகியிருந்தது. 2014 மே மாதம் சம்பா-பன்சா வழக்குகளைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 2015 ஜூன் 3 அன்று உள்நாட்டு நீதிபதிகளும் வெளிநாட்டு நீதிபதிகளும் சேர்ந்து அமரும் சிறப்புக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். ஆனால் நீதிமன்றத்துக்கு முன்னால் பூட்டு உள்ள சிறை வேண்டும். 2015 செப்டம்பர் இறுதியில் பாங்குயியில் மறுபடி கலவரம் மூண்டபோது நகராக்பா சிறையிலிருந்து 500-க்கும் மேற்பட்ட கைதிகள் தப்பினார்கள். காவலருக்குச் சம்பளமும் மதில் சுவருக்குக் காவலும் இல்லாத இடத்தில் கைது என்பது ஒரு வாரச் செய்தி மட்டுமே. இடைவெளியை நிரப்ப, அமைதிப்படைக்கே கைது செய்யும் அதிகாரம் தற்காலிகமாக முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. ஆன்டி-பலாக்கா தளபதி அந்திலோ 2015 ஜனவரியில் பிடிபட்டது அப்படித்தான்; 2018-இல் பாங்குயி நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது.

ஏழாவது, தேர்தல். கெடு 2015 பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டுக்கும், பிறகு ஆண்டிறுதிக்கும் தள்ளிப்போனது. அகதிகளுக்கு வாக்கு வேண்டாம் என்று இடைக்கால மன்றம் சொல்ல, அரசியல் சாசன நீதிமன்றம் அதை மறுத்தது. ஓடிப்போனவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதால் அந்தத் தீர்ப்பின் எடை பெரிது. நவம்பர் இறுதியில் போப் பிரான்சிஸ் பாங்குயிக்கு வந்து பிகே-5 பள்ளிவாசலுக்குள்ளும் போனார். அந்த நாட்களில் முற்றுகைக்குள் இருந்த மக்கள் வெளியே நடமாட முடிந்தது. டிசம்பர் 13 அன்று அரசியல் சாசன வாக்கெடுப்பின்போது பிகே-5 பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. வாக்களிக்க வேண்டும் என்று பிகே-5 மக்கள் விடாப்பிடியாக நின்றார்கள். மறுநாள் அவர்களுக்காக வாக்குப்பதிவு திரும்ப நடத்தப்பட்டது. டிசம்பர் 30 அன்று 30 வேட்பாளர்களோடு அதிபர் தேர்தல். கூடவே நடந்த நாடாளுமன்றத் தேர்தலை முறைகேடுகளுக்காக நீதிமன்றம் ரத்து செய்து மறுபடி நடத்த வைத்தது. 2016 பிப்ரவரி 14 அன்று இரண்டாம் சுற்றில் ஃபோஸ்தென்-ஆர்க்கான்ஜ் துவாதேரா 62 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு பெற்றார். தோற்ற தொலொகெலே முறைகேடு நடந்ததாகக் குறை சொன்னாலும் முடிவை ஏற்றுக்கொண்டார்.

மார்ச் 30 அன்று சம்பா-பன்சா பொறுப்பை ஒப்படைத்தார். ஒப்படைத்ததில் முடிந்த வேலைகளும் உண்டு, காகிதத்தில் மட்டும் இருந்தவையும் உண்டு. சம்பளம் ஓடிக்கொண்டிருந்தது, நாடாளுமன்றம் கூடவிருந்தது, நீதிமன்றச் சட்டம் இருந்தது. ஆயுதம் களைவது முறையாகத் தொடங்கவே இல்லை. நாட்டின் பெரும்பகுதி குழுக்களின் பிடியிலேயே இருந்தது. 2015-இல் கையெழுத்தான ஆயுதக் களைவுத் திட்டம் முழு அளவில் தொடங்க 2018 இறுதி ஆனது. 2019 பிப்ரவரியில் 14 ஆயுதக் குழுக்களோடு புதிய ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. சிறப்பு நீதிமன்றம் தன் முதல் தீர்ப்பை 2022 அக்டோபரில்தான் சொன்னது. ஆன்டி-பலாக்கா தலைவர்கள் எகாத்தோம், ந்காய்சோனா இருவரையும் 2025 ஜூலையில் தி ஹேக்கில் உள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று அறிவித்து, முறையே 15, 12 ஆண்டு சிறை விதித்தது. அந்த வழக்குக்கு வழி திறந்தது, 2014 மே மாதம் சம்பா-பன்சா அனுப்பிய வேண்டுகோள்.