தொழில் நிலையக் கணினிகளுக்கேற்ற லினக்ஸைத் தேர்ந்தெடுத்தல்

ஹைதராபாத்தின் ஹைடெக் சிட்டியில் 1998-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சைபர் டவர்ஸ் கட்டிடம் திறந்து வைக்கப்பெற்றது. அதன் பின்னர் அவ்வட்டாரத்தில் கணினித் தொழில் பெருகி வளர்ந்தது. தேசியத் தகவலியல் மையத்தின் தேசியத் தரவு மையங்களுள் ஒன்றும் இந்நகரில் அமைந்துள்ளது. இத்தகைய நிலையங்களில் இரவு பகலாக இயங்கிப் பிற கணினிகளுக்குத் தகவல் அளிக்கும் கணினிகள் ‘சர்வர்’ எனப்படும். சம்பளப் பட்டியல், வங்கிக் கணக்கு, நோயாளர் பதிவேடு முதலியன இவற்றிலேயே சேமிக்கப்படுகின்றன. இவற்றில் லினக்ஸ் பெரிதும் பயன்படுகிறது.

1991-ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது ‘கெர்னல்’ என்னும் உட்கரு மட்டுமே. அதனோடு தேவையான மென்பொருள்களைச் சேர்த்து, சோதித்து, ஒரே தொகுப்பாக அளிப்பதை ‘வழங்கல்’ என்பர். இவ்வாறு ஓர் உட்கருவிலிருந்து பல வழங்கல்கள் தோன்றியுள்ளன.

தேர்வு செய்வோர் முதற்கண் அறிய வேண்டுவது, ஒரு வழங்கலுக்கு எந்த நாள்வரை பராமரிப்பு உண்டு என்பதாகும். எந்த மென்பொருளிலும் காலப்போக்கில் பாதுகாப்புக் குறைகள் வெளிப்படும். பராமரிப்புக் காலத்தில் அவற்றுக்குத் திருத்தங்கள் வெளியிடப்படும். காலம் முடிந்தபின் குறை உலகறிந்ததாயினும் திருத்தம் வாராது. சர்வர் வழக்கம்போல் இயங்கிக்கொண்டிருப்பதால் ஆபத்தும் கண்ணுக்குப் புலப்படாது.

இதற்குச் சென்ட்ஓஎஸ் தக்க சான்றாகும். ரெட் ஹாட் நிறுவனம் கட்டணம் பெற்றுப் பராமரிக்கும் வழங்கலின் மூல நிரலைக் கொண்டு இது ஆக்கப்பட்டு, விலையின்றி அளிக்கப்பட்டது. 2014-ல் அந்நிறுவனம் இத்திட்டத்தைத் தன் ஆதரவில் ஏற்றது. 2019 செப்டம்பரில் வெளிவந்த எட்டாம் பதிப்புக்கு 2029 வரை பராமரிப்பு எதிர்பார்க்கப்பட்டது. ஆயினும் அது 2021 டிசம்பர் 31-ஆம் நாளோடு நிறுத்தப்படும் என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. அதனை நிறுவியிருந்தோர் ஓராண்டுக்குள் வேறு வழி தேட நேர்ந்தது. ஏழாம் பதிப்பின் பராமரிப்பும் முன்னர்க் குறித்தவாறே 2024 ஜூன் 30-ல் முடிவுற்றது. இக்குறையை நிரப்ப 2021-ல் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகிய இரு வழங்கல்கள் தோன்றின.

இன்று கிடைப்பவற்றுள், ரெட் ஹாட் வழங்கலுக்குக் கட்டணத்துடன் 10 ஆண்டுப் பராமரிப்பு உண்டு. அல்மாலினக்ஸும் ராக்கியும் அதே கால அளவை இலவசமாக அளிக்கின்றன. 1993-ல் தொடங்கிய டெபியன், நிறுவனம் எதற்கும் உரிமையாகாது தன்னார்வலர்களால் நடத்தப்படுவது. அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் நீட்டிப்பு உட்பட ஏறத்தாழ 5 ஆண்டுப் பராமரிப்பு உண்டு. ஈராண்டுக்கு ஒருமுறை வெளிவரும் உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்பும் 5 ஆண்டுகள் பேணப்படுகிறது. தேர்ந்த பணியாளர் உள்ள நிலையம் இலவச வழங்கலைத் தானே நிர்வகிக்கலாம். அத்தகையோர் இல்லாத இடத்தில், இடர் நேர்ந்தபோது உதவி பெறும் பொருட்டுக் கட்டணம் செலுத்துவதே தக்கது. கணக்கு மென்பொருளை விற்றவர் எந்த வழங்கலுக்குப் பொறுப்பேற்கிறார் என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும்.

மின்னாளுகைப் பணிகளில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தரும் கொள்கையை மத்திய அரசு 2015-ல் வெளியிட்டது. சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ வழங்கலும், ஹைதராபாத்தின் ‘ஸ்வேச்சா’ அமைப்பினர் தெலுங்கில் அளித்த வழங்கலும் டெபியனையே அடிப்படையாகக் கொண்டவை. ஆகவே, பள்ளியில் இவற்றுள் ஒன்றில் பயின்ற மாணவர் பின்னர் டெபியன் சர்வரை நிர்வகிக்க நேர்ந்தால் அது அவர்க்கு முற்றிலும் புதிதாயிராது.

சர்வர் உள்ள ஒவ்வோர் அலுவலகமும் வழங்கலின் பெயர், பதிப்பு, பராமரிப்பு முடியும் நாள் ஆகிய மூன்றையும் இருப்புப் பதிவேட்டில் குறித்துவைத்தல் நலம். அந்நாளுக்கு ஓராண்டு முன்னரே மாற்றத்துக்கான நிதியைக் கோரவேண்டும். தரவுகளின் நகலை எடுத்து, அதனை வேறொரு கணினியில் மீட்டுச் சோதித்த பின்னரே பணியிலுள்ள சர்வரை மாற்றுதல் வேண்டும்.