கையில் வந்த காசு – 9: கூரை பார்த்துக் கொடுத்த பணம்

போன வாரம் மெக்சிகோவில் இருந்தோம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள், உடம்பை மருத்துவமனையில் காட்டுங்கள், அப்புறம் பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்ன ‘ப்ரோக்ரெஸா’ திட்டத்தைப் பார்த்தோம். இந்த வாரம் போகும் ஊரில் அப்படி ஒரு நிபந்தனையும் கிடையாது. வீட்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் டாலர். திருப்பித் தர வேண்டாம், கணக்கும் காட்ட வேண்டாம்.

ஊர், கென்யாவின் மேற்கே விக்டோரியா ஏரியை ஒட்டிய சியாயா. ஒபாமாவின் அப்பா வளர்ந்த பக்கம் என்றால் சிலருக்கு நினைவு வரலாம். லுவோ மக்கள் அதிகம். மக்காச்சோளம், கொஞ்சம் பயறு, நாலு கோழி, இரண்டு ஆடு, ஏரிக்கரையில் இருந்தால் மீன். மழை பொய்த்தால் கூலி வேலை. மண் சுவர் வீட்டுக்கு மேலே புல் வேய்ந்த கூரை.

அந்தக் கூரைதான் இங்கே ரேஷன் கார்டு. பணம் கொடுத்த ‘கிவ்டைரக்ட்லி’, அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த சில மாணவர்கள் தொடங்கிய தொண்டு நிறுவனம். அவர்கள் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. கேட்டாலும் அந்த ஊரில் யாரிடம் இருக்கும்? கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். புல் என்றால் பட்டியலில் பெயர், தகரம் என்றால் இல்லை. செலவில்லாத வழி, ஓரளவு சரியான வழியும்கூட. ஆனால் வயிற்றைக் கட்டி, கடன் வாங்கி, போன வருடம்தான் தகரம் போட்டவர் என்ன பாவம் செய்தார்? எந்தக் கோட்டைக் கிழித்தாலும் அதற்கு ஓரடி அந்தப்பக்கம் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். நம் மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டுக்கு 3,600 யூனிட் மின்சாரம் என்று கோடு போட்டபோது, ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் குடியிருந்த வீடுகளை நினைத்துக்கொண்டால் புரியும்.

சும்மா வரும் பணத்தை யார் வேண்டாம் என்பார்கள் என்று கேட்கலாம். சொன்னார்கள். பக்கத்திலேயே இருக்கும் ஹோமா பே பகுதிக்கு 2015-ல் இதே நிறுவனம் போனபோது, தகுதியுள்ளவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் மறுத்துவிட்டார்கள். இது சாத்தானின் காசு, வாங்கினால் பிள்ளைக்கு ஆகாது என்று பேச்சு கிளம்பிவிட்டது. இதைப் படித்துச் சிரிக்க எனக்கு மனசு வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் எதையாவது கேட்டுவிட்டே கொடுத்த ஊரில், எதுவும் கேட்காமல் கொடுப்பவன்மேல் சந்தேகம் வருவதில் நியாயம் இருக்கிறது.

பணம் வந்த வழி கைபேசி. ‘எம்-பெசா’ என்ற கைபேசிப் பணச் சேவை 2007-லேயே கென்யாவில் வந்துவிட்டது. வங்கிக் கணக்கு வேண்டாம், சிம் கார்டு போதும். குறுஞ்செய்தி வந்ததும் கடைத்தெருவில் பச்சை நிறப் பலகை மாட்டிய முகவர் கடைக்குப் போக வேண்டும். அவர் அடையாள அட்டையைப் பார்த்து நோட்டில் எண்ணை எழுதிக்கொள்வார். இவர் தன் போனில் ரகசிய எண்ணை அழுத்துவார். இருவர் போனிலும் செய்தி வந்ததும் நோட்டில் ஒரு கையெழுத்து, கையில் ரொக்கம். பலசரக்குக் கடையிலேயே இந்த வேலையும் நடக்கும் என்பதால், எடுத்த பணத்தில் கொஞ்சம் அங்கேயே சர்க்கரையாகவும் சோப்பாகவும் மாறிவிடும். சியாயாவில் முதலில் ஒரு சிறு தொகை சரிபார்ப்புக்காக வந்தது. நம் ஊரில் 2023-ல் உரிமைத் தொகையின் முதல் ஆயிரத்துக்கு முன்னால் ஒரு ரூபாய் போட்டுப் பார்த்தார்களே, அது மாதிரி. அதன்பிறகு இரண்டு பெரிய தவணை. மொத்தமாகச் சேர்த்தால் அன்றைய மதிப்பில் 65,000 ரூபாய் போல. ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவில் முக்கால் பங்கு.

நிறையப் பேர் முதலில் கூரையைத்தான் மாற்றினார்கள். ‘தகரத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்களே, ஆடு மாடு வாங்கியிருக்கலாமே’ என்று சொல்பவர் ஓலைக் குடிசையில் ஒரு மழைக்காலம்கூட இருந்திருக்க மாட்டார். புல் கூரையை அடிக்கடி மாற்றி வேய வேண்டும். புல் வாங்க வேண்டும், வேய்கிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். ராத்திரி மழையில் ஒழுகும் இடத்துக்குப் பாத்திரம் வைத்து, பிள்ளைகளை மூலைக்கு மூலை நகர்த்தி, சோள மூட்டை நனையாமல் காக்க வேண்டும். தகரம் போட்டுவிட்டால் இத்தனையும் நின்றுவிடும். விளிம்பில் ஒரு தகரக் குழாய் மாட்டினால் மழைத்தண்ணீர் பீப்பாயில் இறங்கும், தண்ணீருக்கு நடக்கும் நடை குறையும். வருடா வருடம் போய்க்கொண்டிருந்த காசு வீட்டிலேயே தங்குவதும் வருமானம்தான்.

ஆனால் எல்லாரும் கூரை மாற்றிவிடவில்லை. யார் மாற்றினார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சியாயாவின் ஒரு பகுதியான ரரியேடாவில் 2011-ல் தொடங்கிய ஆய்வை ஜோஹன்னஸ் ஹவுஷோஃபர், ஜெரமி ஷபீரோ இருவரும் நடத்தினார்கள். சில வீடுகளுக்கு மொத்தமாகவும் சில வீடுகளுக்கு ஒன்பது மாதத் தவணையாகவும் பணம் போனது. யாருக்கு எப்படி என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். மாதாமாதம் வாங்கிய வீட்டில் சாப்பாடு தேறியது. மொத்தமாக வாங்கிய வீட்டில் தகரமும் மரச்சாமானும் வந்தன. அந்தந்த வீட்டின் குணத்தால் வந்த வேறுபாடு என்று இதைச் சொல்ல முடியாது, ஏனென்றால் யார் எந்தப் பக்கம் என்பது குலுக்கலில் விழுந்தது. பணம் வந்த விதம்தான் செலவைத் தீர்மானித்தது.

எச்சிலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைக்கூட அளந்து பார்த்தார்கள். மன அழுத்தம் கூடினால் கூடுகிற சரக்கு அது. மாதத் தவணைக்காரர்களைவிட மொத்தமாக வாங்கியவர்களிடம் அது குறைவாக இருந்தது.

நம் ஊரில் இதைப் பேசினால் முதல் கேள்வி டாஸ்மாக்தான். ரரியேடாவில் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆன செலவு கூடவில்லை. அது ஒரு ஊர்க் கதை என்று விடலாம் என்றால், உலக வங்கியின் டேவிட் எவன்ஸும் அன்னா போபோவாவும் பல நாடுகளிலிருந்து 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தும் இதே பதில்தான் வந்தது. இன்னொரு நம்பிக்கையும் கொஞ்சம் ஆட்டம் கண்டது: பெண் கையில் கொடுத்தால்தான் குடும்பத்துக்குப் போகும் என்பது. ரரியேடாவில் கணவனுக்குக் கொடுத்த வீட்டுக்கும் மனைவிக்குக் கொடுத்த வீட்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசம் தென்படவில்லை. அதற்காகப் பெண்கள் கணக்கில் போடுவது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். தன் பேரில் பணம் வருவது பெண்ணுக்கு என்ன தருகிறது என்பதைச் சாப்பாட்டுச் செலவை மட்டும் வைத்து அளந்துவிட முடியாது.

மொத்தமா, மாதமா என்ற கேள்விக்கு வருவோம். 2018-ல் கிவ்டைரக்ட்லி இன்னும் பெரிதாக ஒன்றைத் தொடங்கியது. சில கிராமங்களில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு முக்கால் டாலர் கணக்கில் மாதாமாதம், 12 ஆண்டுகளுக்கு. வேறு சில கிராமங்களில் அதே தொகை, இரண்டே ஆண்டு. மூன்றாவது வகைக் கிராமங்களில் அந்த இரண்டாண்டுத் தொகை ஒரே வீச்சில். பொருளாதார அறிஞர் அபிஜித் பானர்ஜியும் இந்த ஆய்வை நடத்தியவர்களில் ஒருவர். 2023-ல் வெளிவந்த முடிவுகளின்படி, மொத்தமாக வாங்கியவர்கள் புதுத் தொழில்களில் முந்தினார்கள். இரண்டாண்டு மாதத் தொகைக்காரர்கள் பின்தங்கினார்கள். 12 ஆண்டுக்காரர்களும் மாதச் சொற்பத்தைத்தான் வாங்குகிறார்கள், ஆனால் அவர்கள் பின்தங்கவில்லை. எப்படி?

சீட்டு! கென்யாவில் ‘மெர்ரி-கோ-ரவுண்ட்’ என்பார்கள். சிலர் சேர்ந்து மாதம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வது. நம் தெருவில் நடக்கும் அதே சங்கதி. பல வருடம் வரும் என்ற உறுதி இருப்பதால் தைரியமாகச் சீட்டில் சேர்ந்தார்கள், தங்கள் முறை வந்தபோது கடை வைத்தார்கள். அரசோ தொண்டு நிறுவனமோ சில்லறையாகக் கொடுத்ததை ஊர் தானே மொத்தமாக மாற்றிக்கொண்டது. சும்மா காசு வந்ததும் சோம்பிவிடுவார்கள் என்றார்களே, அதுவும் நடக்கவில்லை; அடுத்தவர் வயலில் கூலிக்குப் போவது குறைந்து சொந்த வேலை கூடியது.

மாதம் ஆயிரம் வாங்கும் பெண்ணைப் பார்த்து, ‘இதை வைத்து ஒரு தொழில் தொடங்கியிருக்கலாமே’ என்று மேடையில் அறிவுரை சொல்பவர்களிடம் இதைத்தான் காட்ட வேண்டும். சிலிண்டருக்கும் குழுக்கடன் தவணைக்கும் மளிகைக்கும் வரும் பணம் அந்த வேலையைச் செய்கிறது. மொத்தப் பணம் செய்கிற வேலையை அதனிடம் கேட்டால் எப்படி?

தகரக் கூரைக்காரர்களை விட்டுவிட்டோம். அவர்களுக்கும் பணம் எட்டியது, சுற்று வழியில். சியாயாவில் 2014 முதல் 2017 வரை 10,500 வீடுகளுக்குமேல் பணம் கொடுத்தபோது, 653 கிராமங்களின் பொருளாதாரத்தையும் அளந்தார்கள். வெளியிலிருந்து வந்த ஒவ்வொரு டாலரும் அந்த வட்டாரத்தில் இரண்டரை டாலர் அளவுக்குப் பெருகியிருந்தது. விலைவாசி சராசரியாக 0.1 சதவீதம்தான் கூடியது. காரணம் எளிது. மாவு மில்காரர் மெஷினை வைத்துக்கொண்டு, யாராவது சோளம் கொண்டுவருவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தையல்காரர் பாதி நாள் சும்மா இருந்தார். கூட்டம் வந்ததும் அவர்கள் விலையை ஏற்றத் தேவையில்லை, இருக்கும் மெஷின் கூடுதல் நேரம் ஓடியது. தச்சருக்கும் தகர வியாபாரிக்கும் வேலை, அவர்களிடம் கூலிக்குப் போனவருக்குச் சம்பளம். பணம் வாங்காத வீட்டிலும் செலவு கூடியது. பக்கத்து வீட்டுக்காரரின் வயிற்றெரிச்சல்? இருந்தது. ரரியேடா ஆய்விலேயே அது பதிவாகியிருக்கிறது. கொஞ்ச காலத்தில் அடங்கியும் போனது.

கடைசியாக ஒரு கணக்கு. எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது. அதே சியாயா கிராமங்களில் எந்தக் குழந்தை எப்போது பிறந்தது, எது தங்கவில்லை என்று பல ஆண்டு கழித்துப் போய் வீடு வீடாகக் கேட்டார்கள். 2025-ல் வெளியான முடிவு: பணம் பெற்ற வீடுகளில் ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் 48 சதவீதம் குறைந்திருந்தது. பணம் பிரசவத்தை ஒட்டி வந்த வீடுகளில்தான் இந்தப் பலன். பெண்கள் பிரசவத்துக்கு முந்தைய மாதங்களிலும் பிந்தைய மாதங்களிலும் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்கள். நிறைமாதத்தில் களைக்கொத்து தூக்க வேண்டியிருக்கவில்லை. மருத்துவமனைக்குப் போகக் கையில் காசு இருந்தது. டாக்டர் இருக்கும் மருத்துவமனை பக்கத்தில் இருந்த ஊர்களில் பலன் மிக அதிகம். தொலைவில் இருந்த ஊர்களில் அவ்வளவு இல்லை. ஆயிரம் டாலர் வண்டிச் சத்தத்துக்கு ஆகும், டாக்டரைக் கொண்டுவந்து ஊரில் உட்காரவைக்க ஆகாது. அதை அரசுதான் செய்ய வேண்டும்.

அடுத்த வாரம் இந்தூர் பக்கம் போகிறோம். 2011-ல் ‘சேவா’ பெண்கள் அமைப்பு மத்தியப் பிரதேசக் கிராமங்களில் பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய் என்று கொடுத்துப் பார்த்த கதை.

(தொடரும்)