உள்ளூராட்சியும் அதிகாரப் பரவலாக்கமும்

அரசாங்கம் தன் கந்தோரை ஊருக்குக் கொணர்தல் வேறு. ஊரவர் தம் கருமங்களைத் தாமே தீர்மானித்தல் வேறு. முன்னையது பணிப் பரம்பல். பின்னையதே அதிகாரப் பரவலாக்கம். இவ்விரண்டும் ஒரே எல்லைக்குள் அருகருகே நிற்பதை வலிகாமம் கிழக்கிற் காணலாம். அங்கே பிரதேச சபையும் கோப்பாய்ப் பிரதேச செயலகமும் ஏறத்தாழ ஒரே நிலப்பரப்புக்குரியன. சபையின் தவிசாளர் வாக்காளருக்கு விடை கூறவேண்டியவர். பிரதேச செயலாளரோ மத்திய அரசின் உத்தியோகத்தர்.

இலங்கையிற் கிராமச் சங்கங்களுக்கு வழிகோலியது 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பின்னர்க் கிராமச் சபை, பட்டின சபை, நகர சபை எனப் படிகள் வகுக்கப்பட்டன. 1949 இல் யாழ்ப்பாணம் மாநகர சபையாயிற்று. 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் தோன்றியபோது கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்தன. இவ்விழப்பு உரிய அளவு உணரப்பட்டதெனல் அரிது. ஒழுங்கை விளக்கு எரியாவிடின் கிராமச் சபை அங்கத்தவரை வாசிகசாலைத் திண்ணையிலேயே கண்டு கேட்டல் கூடும். 1987 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பிரதேச சபையோ பல கிராமச் சபைகளின் பரப்பைத் தன்னுள் அடக்கியது. யாழ்ப்பாண மாவட்டத்தில் இன்று மாநகர சபை ஒன்றும், நகர சபைகள் மூன்றும், பிரதேச சபைகள் பதின்மூன்றும் உள்ளன.

வீதி, சுகாதாரம், சந்தை, நூலகம் முதலியன இவற்றின் கடமைகள். பாடசாலை, வைத்தியசாலை, காணி ஆகியன இவற்றுக்குப் புறம்பானவை. சோலைவரியும் சந்தைக் குத்தகையும் ஓரளவே கைகொடுக்கும்; மிகுதிக்கு மேலிடத்தை எதிர்பார்த்தல் வேண்டும்.

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கானா இவ்விடத்து ஒப்புநோக்கற்பாலது. அந்நாடு 1988 இல் மாவட்டப் பேரவைகளை நிறுவியது. தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 5 வீதத்திற்குக் குறையாத தொகை அவற்றுக்கு உரியதென 1992 ஆம் ஆண்டு அரசியலமைப்பே விதித்தது. இலங்கையின் அரசியலமைப்பில் இத்தகைய உறுதி இல்லை. ஆயினும் கானாவிற் பேரவையின் நிறைவேற்றுத் தலைவரை நியமிப்பவர் சனாதிபதி. பேரவையின் மூன்றிலிரண்டு பங்கினர் உடன்படுதல் வேண்டும். உறுப்பினருள்ளும் ஒரு பகுதியினர் நியமனம் பெற்றோரே. அங்கே பணத்துக்கு உறுதியுண்டு, தலைவர் மேலிருந்து வருகிறார்; இங்கே தலைவர் சபையினுள்ளிருந்து வருகிறார், பணத்துக்கு உறுதியில்லை. எது மேலென்பது எளிதிற் சொல்லத்தக்கதன்று.

1987 இன் பதின்மூன்றாந் திருத்தம் உள்ளூராட்சி மேற்பார்வையை மாகாண சபையிடம் ஒப்படைத்தது. சபைகளின் அமைப்பு எவ்வாறிருத்தல் வேண்டுமென்பதைப் பாராளுமன்றமே விதிக்கும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின் அம்மேற்பார்வை ஆளுநர் கைப்பட்டது.

இவையனைத்தினும் பெருங்குறை, தேர்தல் உரிய காலத்தில் நிகழாமையே. பிரதேச சபைகளுக்குத் தென்னிலங்கையில் 1991 இல் தேர்தல் நடந்தது. யாழ்ப்பாணம் 1998 வரை காத்திருந்தது. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. பணமில்லையெனத் தேர்தல் பின்போடப்பட்டது. அஃது அடிப்படை உரிமை மீறலென 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. தேர்தல் நிகழ்ந்தது 2025 மே 6 இல். இடைப்பட்ட ஈராண்டுக்கு மேலான காலத்தில் குப்பை அள்ளப்பட்டது, வரியும் அறவிடப்பட்டது. வரவு செலவுத் திட்டத்தை எதிர்த்துக் கையுயர்த்த மட்டும் சபையில் எவருமிலர்.