“ஆ காட்டு, கண்ணே!”

குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது “ஆ காட்டு, ஆ காட்டு” என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பீர்கள்! அது வாயை இறுக மூடிக்கொண்டு விஷமம் செய்யும். நீங்கள் காக்காயைக் காட்டி ஒரு கவளத்தை உள்ளே தள்ளிவிடுவீர்கள். ஆனால் “ஆ” காட்ட ஆசையிருந்தும் காட்ட முடியாத குழந்தைகளும் இருக்கிறார்கள், தெரியுமா?

ஒரு பேச்சுக்கு, சங்கரன்கோவிலில் ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள். தெருவெல்லாம் விசைத்தறிச் சத்தம். அந்த வீட்டுப் பெண் குழந்தை மூன்று வயதில் திண்ணையிலிருந்து குப்புற விழுந்தாள், மோவாயில் அடி. காயம் ஆறியது, எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஆனால் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டில் பட்ட அடி ஆறவில்லை. நாளாவட்டத்தில் மூட்டு எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொண்டது. ஏழு வயதில் அவள் வாய்க்குள் ஒரு விரல்கூட நுழையாது. இட்லியைப் பிட்டு, பல் விழுந்த சந்து வழியாகத் தள்ளித்தான் சாப்பிடுகிறாள். மோவாய் வளரவில்லை. ராத்திரியில் ஒரே குறட்டை. நடுநடுவே மூச்சு நின்று, திணறி, மறுபடி வருகிறது.

இந்தக் குழந்தை கற்பனை, வியாதி கற்பனையல்ல. கீழே விழுவதாலும், காதில் சீழ் பிடித்து உள்ளே பரவுவதாலும் நம் நாட்டில் இன்றும் இது வருகிறது. திருநெல்வேலி, மதுரை போன்ற பெரிய ஊர்களில் ஆபரேஷன் செய்து ஒட்டிய எலும்பை எடுத்துவிட முடியும். ஆனால் எலும்பை வெட்டுவதைவிடப் பெரிய கவலை ஒன்று டாக்டர்களுக்கு உண்டு: இந்தக் குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது எப்படி?

ஒரு வாய், இரண்டு டாக்டர்கள்

மயக்க மருந்து வேலை செய்யும்போது மூச்சு மந்தமாகும். தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சேர்ந்தால் நின்றே போகும். அதனால் தொண்டை வழியாக மூச்சுக்குழலுக்குள் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அதன் மூலம் பிராணவாயு கொடுப்பார்கள். வயிற்று ஆபரேஷன் என்றால் தொல்லையில்லை. கத்தி பிடிக்கிறவர் வயிற்றருகே நிற்பார். மயக்க மருந்து டாக்டர் தலைமாட்டில் இருப்பார். வாயிலும் தாடையிலும் ஆபரேஷன் என்றால், இருவருக்குமே அந்தச் சின்ன வாய்தான் வேண்டும்!

சங்கரன்கோவிலுக்குப் போய் வந்தவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். அங்கே ஒரே மேனியில் பாதி சிவன், பாதி திருமால். சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் ‘அரியா, அரனா, யார் பெரியவர்?’ என்று வழக்காடியதாகவும், கோமதி அம்மன் தவமிருந்து இருவரையும் ஒரே உருவில் கண்டதாகவும் தலபுராணம் சொல்கிறது. ஆபரேஷன் மேஜையிலும் ‘யார் பெரியவர்?’ என்று கேட்க இடமில்லை. ஒரே வாயை இருவரும் பங்கிட்டுக் கொண்டால்தான் உயிர் தங்கும்.

இந்தப் பங்கீட்டுக்கு வழிகாட்டியவர் ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர் வில்லியம் மக்கீவன். 1878-ல் கிளாஸ்கோ நகரில், வாய்க்குள் புற்றுநோய் வந்த ஒருவருக்குக் கழுத்தில் துளை போடாமல், விரலால் தடவித் தடவியே மூச்சுக்குழலில் குழாயை நுழைத்துவிட்டு ஆபரேஷன் செய்தார். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு இங்கிலாந்தில் சிட்கப் ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடந்தபோது, மகில், ரோபாதம் என்ற இரு இளம் டாக்டர்கள் ரப்பர் குழாயை மூக்கு வழியாகவும் செலுத்தப் பழகினார்கள். வாய் முழுவதும் சர்ஜனுக்கு விடுதலையாயிற்று!

நம் குழந்தைக்கும் மூக்குதான் வழி. விழிப்போடோ, தானே மூச்சு விடுகிற அளவு அரைத் தூக்கத்திலோ வைத்து, நுனியில் விளக்கும் கண்ணும் உள்ள நார் போன்ற கருவியை மூக்கில் விட்டு, அதன் மேலேயே குழாயை வழுக்கி இறக்குகிறார்கள்.

குழாய்க்கு வரும் கண்டங்கள்

உள்ளே போய்விட்டால் கவலை தீர்ந்ததா? இல்லை. மோவாயைத் தாழ்த்தினால் குழாய் கீழே இறங்கும். ஒரு நுரையீரலுக்கு மட்டும் காற்றுப் போகும். மோவாயை உயர்த்தினால் குழாய் மேலே ஏறும். வெளியே வந்துவிடவும் கூடும். நீர் பாய்கிற ரப்பர் குழாயை மிதித்தாற்போல் மடிந்து போகலாம். ரத்தம் உறைந்து அடைக்கலாம். மேல்தாடையை அறுக்கும் ரம்பம் குழாயிலேயே பட்டுவிடலாம்.

அதனால்தான் மயக்க மருந்து டாக்டரின் கண் திரையை விட்டு அகலுவதில்லை. குழந்தை விடும் ஒவ்வொரு மூச்சிலும் வரும் கரியமில வாயு அதில் ஒரு மேடாகத் தெரியும். மேடு சரிந்தால் “நிறுத்துங்கள்!” என்பார். சர்ஜன் அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும். சுத்தப் பிராணவாயு கொடுத்து, இயந்திரத்திலிருந்து வாய் வரை குழாயை விரலால் தடவிப் பார்த்து, அடைப்பை உறிஞ்சி, அவசியமானால் குழாயையே மாற்றுவார்கள். இந்தியாவில் இந்தத் துறை டாக்டர்களின் சங்கம் 2016-ல் வெளியிட்ட விதிமுறைகளின் சாரமும் இதுதான்: பிராணவாயுவை நிறுத்தாதே, திரும்பத் திரும்ப முயன்று நேரத்தைப் போக்காதே, சீக்கிரம் உதவிக்குக் கூப்பிடு.

ரத்தம் கீழே இறங்காமல் தொண்டையில் துணி அடைப்பார்கள். அதை மறந்து உள்ளேயே விட்டால் ஆபத்து. ஆகவே வைத்தபோதும் எடுத்தபோதும் உரக்கச் சொல்லி எழுதி வைக்கிறார்கள்.

மூன்றாவது பங்கு

அந்த வாயில் உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. ராத்திரியில் மூச்சு நிற்பது டாக்டருக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்திருக்கும் தாய்க்குத்தான் தெரியும். ஆடுகிற பல், ஆஸ்துமா, சளி, போன தடவை மயக்கத்தில் நேர்ந்த சங்கடம் எதையும் மறைக்காதீர்கள். பெரியவர்களுக்கு ஆபரேஷன் என்றால், புகையிலையும் பாக்கும் போடுகிற வழக்கத்தையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நாள்பட்ட பாக்கினாலும் வாய் இறுகிப் போவதுண்டு.

இன்னொன்று. விடியற்காலையில் குழந்தை பசியால் அழும். “பாவம், ஒரு வாய் பால்தானே?” என்று பாட்டி டம்ளரை நீட்டுவாள். வேண்டவே வேண்டாம்! வயிற்றிலுள்ள பால் மயக்கத்தில் எதிர்த்து வந்து நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சாதாரணமாகப் பாலுக்கு ஆறு மணி நேரமும், வெறும் தண்ணீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி கேட்பார்கள். உங்கள் டாக்டர் சொன்ன நேரமே வேதம். தெரியாமல் கொடுத்துவிட்டால் உடனே சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் தள்ளிப்போகுமே தவிர, யாரும் உங்களைத் தூக்கில் போட மாட்டார்கள்.

தாடை எலும்பு முறிந்து, பற்களைக் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தால், கம்பி வெட்டும் குறடு தலையணையருகே இருக்கிறதா என்று பாருங்கள். வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்தால் எந்தக் கம்பியை வெட்ட வேண்டும் என்று முன்கூட்டியே நர்ஸம்மாவைக் கேட்டு வையுங்கள்.

நம் குழந்தைக்குக் கம்பி இல்லை. ஆனால் வலி உண்டு. ஒட்டிய மூட்டு மறுபடி ஒட்டாமலிருக்க, பல மாதங்கள் தினமும் பல தடவை வாயைத் திறந்து பயிற்சி செய்ய வேண்டும். அவள் அழுவாள். உங்கள் கண்ணிலும் நீர் வரும். மனம் இளகி விட்டுவிட்டால், இத்தனை பேர் பட்ட பாடும் வீண். அழ அழச் சொல்லுங்கள்:

“ஆ காட்டு, கண்ணே!”