குணமும் குற்றமும் ஓரிடத்தே

கருவியொன்றின் குணமும் குற்றமும் ஒரே மூலத்தினின்று பிறத்தலுண்டு. பெல்ஜியத்தின் எப்.என். நிறுவனம் 1990 அளவில் ஆக்கிய பி-90 என்னும் சிறு இயந்திரத் துப்பாக்கி அதற்குச் சான்று.

விசைக்குப் பின்னே, தோளணையும் கட்டைக்குள்ளேயே பொறியை அடக்கியதால், 26 சென்ரிமீற்றர் குழலிருந்தும் முழுநீளம் ஏறத்தாழ 50 சென்ரிமீற்றரே. ஆயின் ரவை வெடிக்கும் அறை கன்னத்தை அண்மிவிடுகின்றது. குழலின்மேற் கிடக்கும் கூடு 50 ரவைகளைக் குறுக்காகத் தாங்கும். அந்நீண்ட கூட்டினை விரைந்து மாற்றவோ தனிப் பயிற்சி வேண்டும். அதற்கென அமைந்த 5.7 மில்லிமீற்றர் ரவை மார்புக் கவசத்தையும் ஊடுருவும். எனினும், படைகள் பலவற்றின் களஞ்சியத்திலுள்ள 9 மில்லிமீற்றர் ரவை இதற்குப் பொருந்தாது.

1997இல் லீமா நகரில், யப்பானியத் தூதுவர் இல்லத்திற் சிறைப்பட்டிருந்த 72 பேரில் 71 பேரை உயிருடன் மீட்ட பெரு நாட்டுப் படையினருட் சிலர் ஏந்தியது இதனையே. குணத்தை விழைவோர் குற்றத்தையும் சேர்த்தே சுமத்தல் வேண்டும்.