வேகத்தில் நூறு மார்க்... வேலையில் நத்தை!

புதிதாக வாங்கிய எஸ்.எஸ்.டி. பெட்டியில் 'நொடிக்கு 500 எம்.பி. வேகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். 5 ஜி.பி. சினிமா ஒன்றை ஏற்றினால் சில நொடிகளில் ஏறிவிடும். அதே 5 ஜி.பி. அளவுக்கு பத்தாயிரம் வாட்ஸ்அப் போட்டோக்களை ஏற்றிப் பாருங்கள்... நத்தை வேகத்தில் நகரும். ஏன் இந்த வித்தியாசம்?

காரணம், 'ஃபைல் சிஸ்டம்' என்ற மென்பொருள். நூலகர் மாதிரி ஒவ்வொரு ஃபைலின் பெயர், தேதி, அளவு, இருக்கும் இடம் எல்லாவற்றையும் அது பதிவேட்டில் குறித்தாக வேண்டும். சினிமாவுக்கு ஒரு பதிவு போதும். போட்டோக்களுக்கோ பத்தாயிரம் பதிவுகள்!

இந்த வேகத்தை எப்படி அளக்கிறார்கள்? நிஜமான வேலைக்குப் பதிலாக செயற்கையான வேலையைக் கொடுத்துத்தான். 1997-ல் வந்த 'போஸ்ட்மார்க்' என்ற சோதனை, மெயில் சர்வரைப் போல நடிக்கும். ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை உருவாக்கி, படித்து, அழித்து நேரத்தைக் கணக்கிடும். யென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய 'ஃபியோ'வில் எந்த மாதிரி வேலை வேண்டும் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

சிக்கலும் இங்கேதான். பெரிய ஃபைலை வரிசையாக எழுதும் சோதனையில் முதலிடம் பிடிக்கும் டிஸ்க், குட்டி ஃபைல்களில் கோட்டை விடலாம். விளம்பரத்தில் சொல்லும் பைக் மைலேஜ், சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் ரோட்டில் கிடைக்காத கதைதான்!

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. எழுதச் சொன்னதை கம்ப்யூட்டர் உடனே டிஸ்க்கில் எழுதுவதில்லை. முதலில் ரேம் மெமரியில் வைத்துக்கொண்டு 'முடிந்தது' என்று சொல்லிவிடும். ரேமைவிடச் சின்ன ஃபைலை வைத்துச் சோதித்தால், டிஸ்க்குக்குப் பதில் ரேமின் வேகமே மார்க் வாங்கும். அதனால்தான் ரேமைப்போல் இரண்டு மடங்கு பெரிய ஃபைலை வைத்து அளப்பார்கள்.

ஆராய்ச்சியாளர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 106 ஆய்வுக் கட்டுரைகளில் இருந்த 415 சோதனைகளை அலசிய ஓர் ஆய்வு 2008-ல் வெளியானது. பிரபலமான சோதனைகளில் பெரும்பாலானவை குறையுள்ளவை என்பதே அதன் முடிவு.

நாம் என்ன செய்யலாம்?

* போனில் ஆப்களை வைக்க மெமரி கார்டு வாங்கினால் 'ஏ1' அல்லது 'ஏ2' முத்திரையைப் பாருங்கள். ஏ1 என்றால் நொடிக்கு 1,500 முறை அங்கங்கே படிக்கவும், 500 முறை எழுதவும் முடியும் என்று அர்த்தம். வீடியோ எடுக்கத்தான் என்றால் 'வி30' முத்திரை முக்கியம். நொடிக்கு 30 எம்.பி. வேகம் குறையாமல் எழுதும்.

* காப்பி முடிந்ததுமே பென் டிரைவைப் பிடுங்காதீர்கள். கடைசிப் போட்டோக்கள் இன்னும் ரேமிலேயே இருக்கலாம். 'எஜெக்ட்' கொடுத்து, எடுக்கலாம் என்று வந்த பிறகே எடுங்கள்.

வேகம் போனால் கொஞ்சம் நேரம்தான் போகும். கல்யாண போட்டோ போனால் திரும்ப வராது!